முத்துக்குள்ளே நாடாப்புழுவா? மன்னார் வளைகுடாவைத் துருவிய ஜேம்ஸ் ஹார்னெல்

1892-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில் குளிப்பே நடக்கவில்லை. அரசின் கஜானாவுக்குப் பெரிய அடி. காரணம் கண்டுபிடிக்க, 1902-ல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மேன் வந்தார். உதவிக்கு வந்தவர்தான் 1865-ல் பிறந்த ஜேம்ஸ் ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார், ஹார்னெல் தங்கிவிட்டார்.

சிப்பிகளை அறுத்துப் பார்த்தபோது சதையில் குட்டிக் குட்டி வெள்ளை உருண்டைகள். எல்லாம் நாடாப்புழுவின் இளம்பருவம். அது சிப்பிக்குள் முழுப் புழுவாக வளராது. சிப்பியை இன்னொரு உயிர் தின்ன வேண்டும். கடைசியில் திருக்கையின் குடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முழு வளர்ச்சி. மீனுக்கு அடுப்பு ஏது? எல்லாம் பச்சையாகத்தான் உள்ளே போகும்.

நம்ம உடம்பிலும் இதே வழிதான். சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கும் புழுக்கட்டி வயிற்றுக்குள் போனால், குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை, மலம் கலந்த தண்ணீர், கழுவாத காய்கறி வழியாகப் போனால் கதையே வேறு: மூளையில் கட்டியாகி வலிப்பு வரலாம். அதனால் கறியே சாப்பிடாதவங்களுக்கும் அது வரும். சிப்பியில் இருப்பது வேறு புழு. அதன் கடைசி வீடு திருக்கைதான், மனுஷன் இல்லை.

சிப்பிக்குள் செத்துப்போன புழுவைச் சுற்றிப் படலம் படலமாகப் பூசியதுதான் நல்ல முத்து என்று இருவரும் முடிவு கட்டினார்கள். அப்படின்னா சிப்பியைத் தின்னும் எதிரியான திருக்கைதான் முத்துக்கு ஆதாரம்! கேட்க அழகான கணக்கு. ஆனா 1912-ல் லிஸ்டர் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் முத்துகளின் நடுவைச் சோதித்துவிட்டு, புழு முத்தாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மறுத்தார்.

அதற்குள் ஹார்னெல் 1908-ல் மதராஸ் மீன்வளத் துறைக்கு வந்திருந்தார். 1914-ல் தொண்டிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பைப் பதிவு செய்தார். அதே வருஷம் சங்கு பற்றி ஒரு நூலும் வந்தது. ராமேஸ்வரம் கடற்கரையின் சங்குத் தொழிலைத் தேடுபவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். துறையின் இயக்குநராகி, 1924-ல் ஓய்வு பெற்றார். பிறகு அவருக்குப் படகுகள் மேல்தான் பைத்தியம். 1949-ல் காலமானார்.

24 வருஷம் கழித்து, 1973-ல், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்த்துக் காட்டியது. சிப்பிக்குள் வைத்தது ஒரு சின்ன மணியும், இன்னொரு சிப்பியின் மேல்தோல் துணுக்கும்தான். புழு தேவைப்படவில்லை.