மனுஸ்மிருதியைப் பாராட்டிய ஜெர்மன் தத்துவவாதி நீட்சே: அம்பேத்கர் சுட்டிக்காட்டிய வித்தியாசம் என்ன?

மும்பையில் மாட்டுங்காவை ஒட்டியிருக்கும் தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்ற வீடு இருக்கிறது. 1930களில் டாக்டர் அம்பேத்கர், தன் புத்தகங்களுக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்று கட்டிய வீடு அது. அவர் படித்து, விமர்சித்து எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மன் தத்துவவாதி ஃபிரெட்ரிக் நீட்சே.

ஐரோப்பாவில் இருந்த நீட்சேவுக்கும் அம்பேத்கருக்கும் என்ன தொடர்பு? நடுவில் இருப்பது மனுஸ்மிருதி.

யார் இந்த நீட்சே?

1844 அக்டோபர் 15 அன்று ஜெர்மனியின் ரோக்கன் கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஐந்து வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். 24 வயதிலேயே சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஆனால் தலைவலியும் கண் கோளாறும் அவரை விடவில்லை. 1879ல் வேலையை விட்டுவிட்டு, ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தங்கி எழுதினார்.

1888ல் என்ன நடந்தது?

அவர் தெளிவான மனநிலையில் எழுதிய கடைசி ஆண்டு அது. இரக்கத்தையும் பணிவையும் உயர்த்திப் பிடித்து, கிறிஸ்தவம் மனிதனைப் பலவீனமாக்கிவிட்டது என்பது அவரது வாதம். எல்லா மதிப்பீடுகளையும் தலைகீழாகப் புரட்டுவதே தன் கடமை, தன்னால் மனித வரலாறே இரண்டாகப் பிரியும் என்று நம்பினார். 1888 செப்டம்பர் 30ஐ புதிய ஆண்டுக் கணக்கின் முதல் நாளாகவே எழுதி வைத்தார்.

அதே ஆண்டில்தான், பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜக்கோலியோவின் மொழிபெயர்ப்பில் மனுஸ்மிருதியைப் படித்தார். நம்பகத்தன்மை குறைவு என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சொன்ன மொழிபெயர்ப்பு அது. பைபிளைவிட மனுவின் நூல் மேலானது, மனிதர்களைப் படிநிலையாக அடுக்குவது இயற்கையானது என்று எழுதினார் நீட்சே.

அப்படின்னா அவர் முழு மனு ஆதரவாளரா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சண்டாளர்கள் மீதான விதிகளின் கொடூரத்தை அவரே இன்னொரு நூலில் எடுத்துக்காட்டினார். பொய் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பதில் மனுவுக்கும் சந்தேகமே வந்ததில்லை என்றும் சாடினார்.

1889 ஜனவரியில் இத்தாலியின் டூரின் நகரில் நிலைகுலைந்தார். அடிபட்ட குதிரையைக் கட்டிப்பிடித்து அழுதார் என்ற கதை பிரபலம். ஆனால் உறுதியான சான்று இல்லை. மனநலம் திரும்பாமலே 1900 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். அவரது கையெழுத்துப் பிரதிகள் தங்கை எலிசபெத்தின் கைக்குப் போயின. யூத வெறுப்பாளர்களை நீட்சே இகழ்ந்தவர். தங்கையோ பின்னாளில் ஹிட்லரை வரவேற்றார்.

அம்பேத்கர் சொன்னது என்ன?

1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அவர் வாழ்ந்தபோது வெளிவராத 'இந்து மதத் தத்துவம்' என்ற ஆய்வை 1987ல் மகாராஷ்டிர அரசு வெளியிட்டது. நீட்சேவின் ஜரதுஷ்டிரா, மனுவின் புது வடிவம்தான் என்கிறார் அதில்.

ஆனால் ஒரு முக்கிய வித்தியாசத்தையும் சுட்டிக்காட்டுகிறார். நீட்சேவின் அதிமனிதன் இனிமேல்தான் உருவாக வேண்டியவன், தகுதியால் உயர்பவன். மனுவின் அதிமனிதனோ பிறப்பாலேயே உயர்ந்தவன், எந்தத் தகுதியையும் நிரூபிக்க வேண்டியதில்லை. எனவே மனுவின் தத்துவம் நீட்சேவினுடையதைவிடக் கீழானது என்பது அம்பேத்கரின் முடிவு.

நீட்சேவுக்குச் சண்டாளர் என்பது புத்தகத்தில் படித்த ஒரு சொல். மகர் சாதியில் பிறந்த அம்பேத்கருக்கோ, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது தன் சொந்த மக்களின் வாழ்க்கை.