ஜிம் கார்பெட் துப்பாக்கியில ஏன் ரெண்டு நம்பர்?

ஜிம் கார்பெட்டை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1875-ல் நைனிடாலில் பிறந்து, ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனவர். அவருடைய இரட்டைக்குழல் ரைஃபிளின் அளவு 450/400. அதென்ன ரெண்டு நம்பர்?

ரொம்ப சிம்பிள். .450 தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை மட்டும் ஒடுக்கி, .400 அளவுள்ள சின்ன குண்டைப் பொருத்தினாங்க. பெரிய கூட்டின் மருந்து சின்ன குண்டைத் தள்ளும், வேகம் கூடும்.

ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி தோட்டாவும் இதே கதைதான்: .577 கூடு, .450 குண்டு. இங்கேதான் ஆங்கிலேயருக்குப் பயம். வேட்டைக்கு வரும் .450 தோட்டா, கிளர்ச்சிக்காரங்க கையிலுள்ள மார்ட்டினிக்குப் போயிட்டா? 1907 வாக்கில் இந்தியாவில் .450-க்குத் தடை. அவலாஞ்சியில் வரையாடு தேடிய துரைமாருக்கும் அதே சட்டம். லண்டன் கம்பெனிகள் .465, .470னு புது அளவுகளுக்குத் தாவின. 450/400 தப்பிச்சது.

அதே 1907-ல் சம்பாவத் பெண்புலி. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட்டிடம் இருந்ததோ மூணே தோட்டா. மூணும் தீர்ந்தும் புலி விழல. தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கித்தான் முடிச்சார்.

பிறகு அவர் அதிகம் தூக்கியது கேமராவைத்தான். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாக உதவினார். 1955-ல் கென்யாவில் இறந்தார். அந்தப் பூங்காவுக்குத்தான் இன்னைக்கு அவர் பேரு.