உடைந்த கப்பலிலிருந்து பிறந்த படகு

சொந்த ஊருக்குப் பல ஆயிரம் மைல் தொலைவில், இருந்ததையெல்லாம் இழந்து, மனைவி மக்களுடன் ஒருவர் நிற்கிறார். அவர் என்ன செய்வார்? ஜோஷுவா ஸ்லோகம் என்ற மாலுமி என்ன செய்தார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்லோகம் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று, இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். அப்பா பூட்ஸ் தைப்பவர். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே நிறுத்திவிட்டு, மகனையும் அந்த வேலையில் உட்கார வைத்தார். மகனின் மனமோ கடலில்தான் இருந்தது! ஒளித்து வைத்து ஒரு பொம்மைக் கப்பல் செய்தான் சிறுவன். அதைக் கண்ட அப்பா, கோபத்தில் உடைத்துப் போட்டார். ஆனால் ஆசையை உடைக்க முடியுமா? 14 வயதில் மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவர், படிப்படியாக உயர்ந்து கேப்டன் ஆனார். சொந்தக் கப்பலும் வாங்கினார்.

1887 டிசம்பரில் பெரிய இடி விழுந்தது. பிரேசில் நாட்டின் பரனகுவா அருகே, அவரது 'அக்விட்னெக்' கப்பல் மணல்திட்டில் தட்டி நொறுங்கியது. அதற்குக் காப்பீடும் இல்லை. உடன் இருந்தவர்கள் மனைவி ஹெட்டியும், விக்டர், கார்ஃபீல்டு என்ற இரு மகன்களும்.

ஸ்லோகம் தலையில் கை வைத்து உட்காரவில்லை. உடைந்த கப்பலில் மிஞ்சிய பொருள்களையும், அங்கே கிடைத்த மரத்தையும் கொண்டு, 35 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டினார். செப்புக் காசுகளில் ஓட்டை போட்டு ஆணிகளுக்கு வில்லையாக வைத்தார். ஹெட்டி பாய் தைத்துக் கொடுத்தார். 1888 மே 13 அன்று படகு நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்த நாளும் அதுவே. அதனால் 'விடுதலை' என்று பொருள்படும் 'லிபர்டாடே' என்ற பெயரைச் சூட்டினார்.

ஜூன் மாதம் கிளம்பிய குடும்பம், ஐயாயிரம் மைலுக்கு மேல் கடந்து, அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் தெற்கு கரோலினா கரையைத் தொட்டது. போக வேண்டியது இன்னும் வடக்கே. அதுவோ இலையுதிர் காலத்தின் கடைசி. குளிர்காற்று வீசத் தொடங்கிவிட்டது. வழியில் ஹாட்டராஸ் முனை வேறு! நூற்றுக்கணக்கான கப்பல்களை விழுங்கியதால், 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்று பெயர் பெற்ற பகுதி அது.

பெருங்கடலையே கடந்த கேப்டன் அங்கே வீரம் காட்டப் போகவில்லை. கரையை ஒட்டியே வட கரோலினாவின் போஃபோர்ட் வரை வந்து, உள்நீர் வழியில் புகுந்தார். அந்தக் கரையில் நீண்ட மணல் தீவுகள் மதில்போல நிற்கின்றன. அவற்றின் பின்னால் காயல்களும், ஆறுகளும், வெட்டிய கால்வாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்து வழி விடுகின்றன. அங்கும் கவனம் தேவை. ஆழம் குறைவு என்பதால் படகு தரை தட்டும். காற்று பலத்தால் சட்டென்று அலை எழும். அந்தப் பருவத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் அன்னங்களும் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்கும். பறவைகள் தெற்கே வர, ஸ்லோகம் குடும்பம் வடக்கே போனது!

நார்ஃபோக் துறைமுகத்தைத் தாண்டி, டிசம்பர் 27 அன்று வாஷிங்டன் நகரை நால்வரும் நலமாக அடைந்தார்கள். இன்று அந்த நீர்வழியின் மைல் கணக்கே நார்ஃபோக்கில்தான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், குளிருக்குத் தப்பி ஏராளமான படகுகள் அதன் வழியே தெற்கே செல்கின்றன.

பிறகு ஒரு நண்பர் கொடுத்த பழைய படகைத் தம் கையாலேயே புதுப்பித்தார் ஸ்லோகம். அதுதான் 'ஸ்ப்ரே'. 1895 ஏப்ரலில் அதில் தனியாகப் புறப்பட்டு, 46,000 மைல் பயணம் செய்து, 1898 ஜூனில் திரும்பினார். தனியொருவராக உலகைப் பாய்மரப் படகில் சுற்றிய முதல் மனிதர் அவரே!

1909 நவம்பரில், மீண்டும் ஓர் இலையுதிர் காலத்தில், அதே 'ஸ்ப்ரே'யில் தனியே கிளம்பினார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

குழந்தைகளே, இழந்ததை எண்ணி அழாமல் மிஞ்சியதைக் கொண்டு படகு கட்டினாரே, அது துணிவு. ஆபத்தான முனையை விட்டு அமைதியான வழியில் குடும்பத்தைக் கரை சேர்த்தாரே, அதுவும் துணிவுதான். இரண்டையும் மனத்தில் வையுங்கள்!