லூசில் போல்: அரங்கத்து மனையும் அகத்து மனையும்

அரங்கிலே கணவன் மனைவியராக நடிக்கும் இருவர் மெய்யாகவே கணவன் மனைவியராக இருந்துவிட்டால், காண்போர் அவ்விரண்டு வாழ்க்கையையும் ஒன்றென எண்ணிக்கொள்வது இயல்பு. அவர்கள் ஊடினால் நகைக்கிறோம்; கூடினால் மகிழ்கிறோம்; திரை விழுந்த பின்னரும் அவர்கள் இல்லத்தில் அந்நகையும் மகிழ்ச்சியுமே நிலவும் என்று நம்பிவிடுகிறோம். இவ்வகை நம்பிக்கைக்கு இருபதாம் நூற்றாண்டிலே பெரிதும் இலக்காயிருந்தவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகையாராகிய லூசில் போல் அம்மையார். கோடிக்கணக்கான மக்கள் தத்தம் வீட்டிலிருந்தபடியே அவருடைய நாடக இல்லறத்தைக் கண்டு களித்தனர். அவர் தமக்கென அமைக்க விரும்பிய இல்லறமோ வேறுவிதமாக முடிந்தது. தொழிலையும் மனையையும் ஒன்றாகப் பிணைத்து வாழ முயன்ற ஒருவரின் வரலாறு என்ற வகையில் அது நாம் சிந்தித்தற்குரியது.

லூசில் 1911 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆம் திகதி, நியூ யோர்க் மாநிலத்திலுள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளி. தொழிலின்பொருட்டு ஊர் ஊராகச் சென்ற அவர், 1915 இல் நெருப்புக்காய்ச்சல் கண்டு இறந்தார். அப்பொழுது மகளுக்கு வயது மூன்று. தாயார் வயிற்றிலே மற்றொரு குழந்தை. பின்னர்ப் பிள்ளைகள் தாயின் பெற்றோரைச் சார்ந்து வளர்ந்தனர். பாட்டனார் பிரெட் ஹண்ட் நாடகம் பார்ப்பதிற் பெருவிருப்புடையவர். பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார். 1927 இல் அப்பாட்டனாரின் வீட்டு வளவிலே துப்பாக்கி விபத்தொன்று நிகழ்ந்தது. அயலிலிருந்த சிறுவன் ஒருவன் குண்டுபட்டு நடக்கமாட்டாதவன் ஆயினான். வழக்குத் தொடரப்பட்டது, பாட்டனார் வீட்டை இழந்தார். தந்தையை இழந்த பெண்ணுக்கு எஞ்சியிருந்த கூரையும் போயிற்று. உற்றார் யாவரையும் ஒருகூரையின்கீழ் வைத்துக் காக்கவேண்டும் என்று அம்மையார் வாழ்நாள் முழுவதும் அவாவியதன் காரணத்தை இங்கே காணலாம்.

இளமையிலேயே அவர் நியூ யோர்க் நகரத்து நாடகப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற பெட் டேவிஸ் அங்கு உடன்பயின்றார். லூசிலோ கூச்சத்தால் வாய் திறவாதிருந்தார். நடிப்புக்கு இவர் ஏற்றவரல்லர் என்று ஆசிரியர்கள் தாயாருக்கு அறிவித்துவிட்டனர். அவர் மனந்தளர்ந்தாரல்லர். ஆடை விற்கும் நிலையங்களிலே புதிய உடைகளை அணிந்து காட்டும் வேலை செய்தார். இடையிலே மூட்டுநோய் வந்து நெடுங்காலம் நடக்கமுடியாமற் கிடந்தார். எழுந்து நடந்தபின் மீண்டும் நகரம் புகுந்தார். 1933 இல் ஹொலிவூட் சென்று, ஆடற்பெண்கள் கூட்டத்தில் ஒருவராகத் திரையில் தோன்றினார். ஓரளவு வருவாய் கிட்டியதும் அவர் செய்த முதற்காரியம் தாயையும் தம்பியையும் பாட்டனாரையும் தம்மிடத்து வருவித்துக்கொண்டதேயாம். ஆர். கே. ஓ. என்னும் பட நிறுவனத்திலே சில ஆண்டுகள் சிறுசிறு பாத்திரங்களில் நடித்தார். தலைமை நடிகை என்னும் பெருநிலை அவருக்கு எளிதில் எய்தவில்லை.

1940 இல் ஒரு படத்திலே தம்முடன் நடித்த டெசி ஆர்னாஸ் என்பாரை அவர் கண்டார். டெசி, கியூபா நாட்டுச் சந்தியாகோ நகர முதல்வரின் மைந்தர். 1933 ஆம் ஆண்டுப் புரட்சியில் அனைத்தையும் இழந்த குடும்பத்தவர். பாட்டும் வாத்தியமும் வல்லவர். லூசிலுக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு இளையவர். அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் திகதி இருவரும் மணம்புரிந்தனர். கலிபோர்னியாவிலே சாட்ஸ்வேர்த் என்னுமிடத்தில் ஒரு பண்ணைவீடு வாங்கி, இருவர் பெயரையும் இணைத்து அதற்கு டெசிலு என்று பெயரிட்டனர். பெயர் இணைந்ததேயன்றிக் காலம் இணையவில்லை. மனைவியார் பகலெல்லாம் படப்பிடிப்பில் இருப்பார். கணவர் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் செல்வார். 1944 இல் லூசில் மணவிலக்குக் கோரி வழக்கிட்டார். விரைவிலேயே மனமிசைந்து மீண்டுங் கூடினர். பிள்ளைப்பேறும் எளிதில் வாய்க்கவில்லை. கருச்சிதைவுகளால் அம்மையார் பெரிதும் வருந்தினார்.

இந்நிலையில் 1948 இல் வானொலியில் ஒரு குடும்ப நகைச்சுவை நாடகத்திலே மனைவியாக நடித்துப் பாராட்டுப் பெற்றார். சி. பி. எஸ். ஒலிபரப்பு நிறுவனத்தார் அதனைத் தொலைக்காட்சிக்கு மாற்றித் தருமாறு வேண்டினர். கணவன் பாத்திரத்தைத் தம் கணவரே ஏற்றல் வேண்டும் என்று அம்மையார் உறுதியாகக் கூறினார். கியூபா நாட்டு ஒலிப்போடு ஆங்கிலம் பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணொருத்தியின் கணவராக மக்கள் ஏற்கமாட்டார் என்று நிறுவனத்தார் தயங்கினர். 1950 இல் தம்பதியர் இருவரும் நகரந்தோறும் சென்று மேடையிலே ஒருங்கு நடித்து, மக்கள் ஏற்பர் என்பதை மெய்ப்பித்துக் காட்டினர். புகழை நாடி எழுந்த பிடிவாதமன்று இது. பிரிந்து பிரிந்து தேய்ந்த இல்லறத்தை ஒரே தொழிலிடத்திற் பிணைத்துவிடலாம் என்பதே அவர் எண்ணம்.

1951 ஜூலை 17 ஆம் திகதி, நாற்பது வயது நிரம்பச் சில வாரங்களே இருக்கையில், லூசில் பெண்மகவொன்றை ஈன்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 15 ஆம் திகதி ஐ லவ் லூசி என்னும் நாடகம் தொடங்கிற்று. அக்காலத்தில் இத்தகைய நாடகங்களிற் பல நியூ யோர்க்கிலே நடிக்கப்பட்டு, நடிக்கும்போதே ஒளிபரப்பாகும். மேற்குப் பகுதியினர் தெளிவற்ற படிகளையே காண்பர். கலிபோர்னியாவிலுள்ள வீட்டைவிட்டு அகலத் தம்பதியர் விரும்பவில்லை. ஆதலால் மூன்று கமராக்களை ஒருங்கே இயக்கி, ஏறக்குறைய முந்நூறு பேர் நேரே இருந்து காண, திரைப்படச் சுருளிலே நாடகத்தைப் பதியும் முறையை வகுத்தனர். ஜெர்மனியிலே மெற்றோபோலிஸ் என்னும் படத்தை ஒளிப்பதிவு செய்த கார்ள் பிரோயின்ட் இதற்குத் துணைநின்றார். செலவு மிகுந்தது. தம் ஊதியத்திற் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைத் தம்பதியர் பெற்றனர். ஒருமுறை காட்டிய நாடகத்தை மறுமுறை காட்டிப் பொருளீட்டலாம் என்பதைப் பிறர் உணராத காலம் அது. வீட்டைவிட்டுப் போக விரும்பாமையே அவர்களைப் பெருஞ்செல்வராக்கியது.

நாடகத்து லூசி, இசைக்குழுத் தலைவன் ஒருவனின் மனைவி. மனையில் அடங்கியிருக்கமாட்டாமல், எப்படியேனும் மேடையேறிவிடத் துடித்து, அதனாற் பற்பல இடர்களில் அகப்படுபவள். மெய்யான லூசிலோ மனையின்பொருட்டே மேடையை அமைத்தவர். இம்முரணைக் கண்டோர் சிலரே.

1952 இல் அம்மையார் மீண்டுங் கருவுற்றார். கருவுற்ற பெண்ணைத் திரையிற் காட்டலாகாது என்று அஞ்சிய காலமாதலின், கத்தோலிக்கக் குருவும் புரட்டஸ்தாந்து போதகரும் யூத மதகுருவும் நாடகப் பிரதிகளைப் பார்வையிட்டனர்; கருவுற்றமையை நேரே சுட்டும் ஆங்கிலச் சொல் விலக்கப்பட்டது. 1953 ஜனவரி 19 ஆம் திகதி பகலில் வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை மூலம் மகன் பிறந்தான். அன்றிரவே நாடகத்திலும் மகன் பிறந்தான். அக்காட்சியைக் கண்டோர் ஏறக்குறைய 4 கோடி 40 இலட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் சனாதிபதியாகப் பதவியேற்றதைக் கண்டோர் ஏறக்குறைய 2 கோடி 90 இலட்சம் பேரே. ஒரு தாயின் பேறுகாலமும் நாட்டுமக்களின் பொழுதுபோக்கும் அன்று ஒன்றாயின.

அவ்வாண்டு செப்டெம்பரில் ஒரு சோதனை வந்தது. 1936 இல் அம்மையார் பொதுவுடைமைக் கட்சிக்கு வாக்களிப்பவராகத் தம்மைப் பதிந்திருந்தார் என்ற செய்தி வெளியாயிற்று. தொழிலாளர்பாற் பரிவுகொண்ட முதிய பாட்டனாரின் மனம் மகிழவே அவ்வாறு செய்ததாக விசாரணையாளரிடம் அவர் கூறியிருந்தார். எத்தனையோ கலைஞர் தொழிலிழந்து அலைந்த நாட்கள் அவை. டெசி படப்பிடிப்புக்கு வந்திருந்த மக்கள்முன் நின்று மனைவிக்காகப் பேசினார். மக்கள் கைதட்டி அவரை ஏற்றனர். கணவர் என்ற நிலையில் டெசி உயர்ந்து நின்ற நாட்களுள் அது ஒன்று.

தொழில் வளர்ந்தது. தாம் ஒருகாலத்திற் சிறுபாத்திரங்களில் நடித்த ஆர். கே. ஓ. நிறுவனத்தின் கலையகங்களை 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விலைகொடுத்து 1957 இல் அவர்கள் வாங்கினர். பிறருடைய நாடகங்களையும் டெசிலு நிறுவனம் படமாக்கிற்று. அதன் பொறுப்பிற் பெரும்பகுதி டெசியின் தோளில் விழுந்தது. அவர் மதுவையும் பிற மகளிரையும் நாடினார். 1976 இல் வெளியிட்ட தம் வரலாற்றிலே இக்குறைகளை அவரே மறைத்தாரில்லர். இருவரும் இப்பொழுது நாள்முழுதும் ஒரே இடத்திலேதான் இருந்தனர். எனினும் தொழிலகத்து வழக்குகள் மாலையில் அவர்களோடு வீட்டுக்கும் வந்தன. சேர்த்துவைக்கும் என்று நம்பிய தொழிலே பிரிவுக்குத் துணையாயிற்று. 1960 மார்ச் 2 ஆம் திகதி தங்கள் இறுதி நாடகத்தின் இறுதிக் காட்சியிலே இருவரும் தழுவி முத்தமிட்டனர். மறுநாள் அம்மையார் மணவிலக்குக் கோரி நீதிமன்றஞ் சென்றார்.

1961 இல் அவர் நகைச்சுவைக் கலைஞராகிய கரி மோர்ட்டனை மணந்தார். அம்மணம் இறுதிவரை நிலைத்தது. 1962 இல் டெசியின் பங்கை விலைக்கு வாங்கி, டெசிலு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். அத்துணைப் பெரிய கலையகமொன்றைப் பெண்ணொருவர் ஆளுதல் அதற்குமுன் அத்துறையிற் காணப்படாதது. செலவு மிகும் என்று உடனிருந்தோர் அஞ்சிய ஸ்டார் ட்ரெக் என்னும் தொடர் அவருடைய இசைவினாலேயே படமாயிற்று. 1967 இல் நிறுவனத்தை 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு விற்றார். 1968 இல் தொடங்கிய புதிய நாடகத்திலே தம் மகளையும் மகனையும் தம் பிள்ளைகளாகவே நடிக்கச் செய்தார். பிள்ளைகளை அருகே வைத்திருக்க அவருக்குத் தெரிந்த வழி, உடன் தொழில் செய்விப்பதாகவே இருந்தது. கணவர்பால் முன்பு கையாண்ட வழியும் அதுவே.

டெசி 1986 டிசெம்பர் 2 ஆம் திகதி காலமானார். ஐந்து நாட்களின்பின் வொஷிங்டனிலே கென்னடி நிலையத்தில் அம்மையாருக்குப் பெருஞ்சிறப்புச் செய்யப்பட்டது. அவ்விழாவுக்கென டெசி எழுதிவைத்த வாழ்த்துரை அவையில் வாசிக்கப்பட்டது. நாடகத்தின் வெற்றிக்குரிய பெரும்பங்கு லூசிலுக்கே உரியது என்றும், அதன் பெயரிலிருந்த காதல் வெறும் பெயரளவினதன்று என்றும் அவர் குறித்திருந்தார். இருந்து கேட்ட அம்மையாரின் கண்கள் கலங்கின. 1989 ஏப்ரல் 26 ஆம் திகதி, இருதய சத்திரசிகிச்சை நடந்த சில நாட்களில், எழுபத்தேழாம் வயதில் அவரும் மறைந்தார்.

அவர் மறைந்தபின் பழைய கடதாசிகளிடையே ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. 1960 களிலே தம் தொழிலையும் மணவாழ்வையும் குடும்பத்தையும்பற்றி அவர் சொல்லிவைத்த வரலாறு அது. உயிரோடிருந்தவரை அவர் அதனை அச்சிடுவித்தாரில்லர். 1996 இல் அது நூலாக வெளிவந்தது. பிரிந்த கணவரைப் பழித்துப் பொருளும் புகழும் ஈட்டுதல் எளிது. அவ்வழியை அவர் நாடவில்லை. முறிந்த இல்லறத்திலும் காக்கத்தக்கது ஒன்றுண்டு. அது ஒருவர் மானத்தை மற்றவர் காத்தல். அவ்விருவரும் அதனைக் காத்தனர்.

ஒரே தொழிலிற் சேர்ந்திருத்தல் வேறு. ஒரே மனையிற் சேர்ந்து வாழ்தல் வேறு. முன்னையது ஊதியந் தரும். பின்னையதற்கு அதற்கென ஒதுக்கிய பொழுது வேண்டும். இதனைத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்து அறிந்தவர் லூசில் போல். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதலில் வைக்கப்பட்ட அவருடைய சாம்பரைப் பிள்ளைகள் பின்னாளில் ஜேம்ஸ்டவுனுக்குக் கொண்டுசென்று, அவர்தம் பெற்றோர் துயிலும் நிலத்தில் அடக்கஞ் செய்தனர். மூன்று வயதில் தந்தையைப் பிரிந்த மகள், எல்லாப் பயணங்களும் முடிந்தபின், அத்தந்தையின் அருகே சென்று சேர்ந்தார்.