பெரு மூலக்கூறு கண்ட பேரறிஞர்

பஞ்சும் பட்டும் மரமும் மனிதர் தொன்றுதொட்டுப் பயன்படுத்திவரும் பொருள்கள். ஆயினும், அவற்றின் உள்ளமைப்பு எத்தகையது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விளங்காத புதிராகவே இருந்தது. அப்புதிரை விடுவிக்க வழி கண்டவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் ஆவார்.

ஸ்டவுடிங்கர் 1881-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், ரைன் ஆற்றங்கரையிலுள்ள வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் மெய்யியல் கற்றுத் தேர்ந்த ஆசிரியர். இளமையில் ஸ்டவுடிங்கரின் நாட்டம் தாவரவியலில் சென்றது. தாவரங்களை நன்கு அறிய வேண்டுமாயின் வேதியியலறிவு இன்றியமையாதது என்று பெரியோர் அறிவுறுத்தவே, அவர் வேதியியல் கற்கத் தொடங்கினார். துணையாகக் கொண்ட அக்கல்வியே அவர் வாழ்வின் பெரும்பணியாயிற்று. 1903-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1905-இல் கீட்டீன் என்னும் புதிய சேர்மங்களைக் கண்டறிந்து அறிஞர்களின் பாராட்டைப் பெற்றார். 1912-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராய் அமர்ந்தார்.

அக்காலத்து வேதியியலார், ரப்பர், செல்லுலோஸ் போன்ற பொருள்கள் யாவும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட குவியல்களே என்று கருதினர். ஸ்டவுடிங்கர் இதனை ஏற்கவில்லை. கூடையில் குவிந்த மலர்கள் வேறு. நாரினால் தொடுத்த மாலை வேறு. இப்பொருள்களின் சிறு கூறுகள் மாலையைப்போல் வலிய வேதிப்பிணைப்பினால் தொடுக்கப்பட்டு, நீண்ட ஒரே மூலக்கூறாக விளங்குகின்றன என்று அவர் 1920-இல் எழுதினார். ஆயிரக்கணக்கான அணுக்களைக் கொண்ட இத்தகைய மூலக்கூற்றிற்குப் பெரு மூலக்கூறு என்ற பெயரை 1922-இல் வழங்கினார்.

புதிய கருத்துக்கு எதிர்ப்பு மிகுந்தது. அத்துணைப் பெரிய மூலக்கூறு இயற்கையில் இருத்தல் இயலாது என்பது அறிஞர் பலரின் துணிபு. புகழ் வாய்ந்த வேதியியலாரான ஹைன்ரிக் வீலண்டும், ரப்பரை நன்கு தூய்மை செய்தால் அது சிறு மூலக்கூற்றுப் பொருளே என்பது தெரியவரும் என்று கூறி, அம்முயற்சியைக் கைவிடுமாறு அவருக்கு அறிவுரை நல்கினார். 1926-இல் டூசல்டார்ஃப் நகரில் நிகழ்ந்த மாநாட்டிலும் ஸ்டவுடிங்கர் ஏறத்தாழத் தனியராகவே நின்றார்.

எதிர்ப்பைக் கண்டு அவர் சினந்தாரல்லர், சோர்ந்தாருமல்லர், சோதனையையே துணையாகக் கொண்டார். ரப்பரின் சிறு கூறுகளை ஒட்டவைப்பவை அவற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகளே என்பது எதிர்த்தரப்பினர் கூற்று. அவ்வாறாயின், ஹைட்ரஜனைச் சேர்த்து அப்பிணைப்புகளை நீக்கியவுடன் குவியல் சிதைந்து, எளிதில் வடிக்கத்தக்க நீர்மம் கிடைத்தல் வேண்டும். ஸ்டவுடிங்கர் அவ்வாறே செய்து பார்த்தார். குவியல் சிதையவில்லை, கிடைத்த பொருளை வடிக்கவும் இயலவில்லை. சிறு கூறுகளைப் பிணைத்திருப்பது வெறும் ஒட்டுதலன்று என்பது இதனால் புலனாயிற்று. 1926-இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்திற்கு மாறிய பின்னரும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். மூலக்கூறு நீள நீளக் கரைசலின் பாகுநிலை மிகுவதைக் கண்டு, அதனைக்கொண்டு மூலக்கூற்றின் அளவை மதிப்பிடும் முறையை வகுத்தார். தாவரவியல் கற்ற அவர் துணைவியார் மாக்டா அவருடைய ஆய்வுகளில் உடனுழைத்தார்.

அறிவியலில் காட்டிய துணிவை அவர் பொதுவாழ்விலும் காட்டினார். முதல் உலகப்போரின்போது, போரை நீட்டிப்பதன் கேட்டை எடுத்துரைத்தார். நச்சு வாயுவைப் படைக்கலமாகக் கொள்வதையும் கண்டித்தார். இதன்பொருட்டு 1934-இல் நாஜி ஆட்சியினரின் விசாரணைக்கு உள்ளாகிப் பதவியை இழக்கும் நிலையையும் எய்தினார். 1944 நவம்பர் 27-ஆம் நாள் குண்டு வீச்சினால் ஃபிரைபர்க் நகரம் பாழாயிற்று. அவருடைய ஆய்வுக்கூடமும் அழிந்தது. எனினும், போர் முடிந்தபின் பணியை மீண்டும் தொடங்கி, 1947-இல் பெரு மூலக்கூற்று வேதியியலுக்கெனத் தனி ஆய்விதழொன்றை நிறுவினார்.

இதற்குள் உலகம் அவர் கருத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்க அறிஞர் கரோதர்ஸ் சிறு மூலக்கூறுகளைத் திட்டமிட்டுத் தொடுத்து, 1935-இல் நைலானை உருவாக்கினார். செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக்குகளும் பெருகின. உயிர்களின் உடலிலுள்ள புரதங்களும் பெரு மூலக்கூறுகளே என்பது தெளிவாயிற்று. 1953-இல் ஸ்டவுடிங்கருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 72. முதற்கட்டுரை வெளிவந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. 1965 செப்டம்பர் 8-ஆம் நாள் அவர் ஃபிரைபர்க்கில் இயற்கை எய்தினார்.

உண்மை, ஏற்போரின் எண்ணிக்கையால் நிலைபெறுவதன்று, சான்றுகளால் நிலைபெறுவது. பலர் மறுத்தபோதும் சான்று தேடிப் பொறுமையுடன் உழைத்த ஸ்டவுடிங்கரின் வாழ்வு, இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.