பிஸ்டல் நின்றது, தியரி விழுந்தது

கெமிஸ்ட்ரி லேபில் டெசிகேட்டர் பார்த்திருப்பீங்க. அடியில் சிலிக்கா ஜெல், மேலே கண்ணாடி மூடி. சாம்பிள் மேலே ஒட்டியிருக்கும் ஈரத்துக்கு அது போதும். படிகத்துக்குள்ளே இறுக்கமா உட்கார்ந்திருக்கும் தண்ணீரை எடுக்க இன்னொரு கருவி வேணும். துப்பாக்கி மாதிரி இருக்கும் அதன் பெயர் அப்டர்ஹால்டன் ட்ரையிங் பிஸ்டல்.

யார் இந்த அப்டர்ஹால்டன்? 1877-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். முழுப்பெயர் எமில் அப்டர்ஹால்டன். பாசலில் மருத்துவம் படித்துவிட்டு, பெர்லினில் நோபல் பரிசு பெற்ற எமில் ஃபிஷரிடம் புரத ஆராய்ச்சிக்குப் போனார். அந்த வேலையில் எடைதான் உயிர். சாம்பிளில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கார்பன், ஹைட்ரஜன் கணக்கு தப்பாகிடும். ஈரத்தைப் போக்க ரொம்ப சூடாக்கினாலோ பொருளே சிதைஞ்சிடும்.

பிஸ்டல் இதைத்தான் தீர்க்குது. உள்குழாயில் சாம்பிள், அதோடு சேர்ந்த குமிழில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு, பம்ப் வைத்து வெற்றிடம். வெளிக்குழாயில் கொதிக்கும் கரைப்பானின் ஆவி சுற்றி வரும். அசிட்டோன் ஊற்றினா 56 டிகிரி, தண்ணீர்னா 100, டொலுயீன்னா சுமார் 110. தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கொதிநிலையே வெப்பத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

இதோடு நிறுத்தியிருந்தா நல்ல கதை. 1909 வாக்கில் அவர் ஒரு தியரி சொன்னார்: அந்நியப் புரதம் ரத்தத்தில் நுழைந்தால், அதை மட்டும் வெட்ட உடம்பு தனி என்சைம் தயாரிக்கும். 1912-ல் அதை வைத்தே கர்ப்பப் பரிசோதனை வந்தது. அப்புறம் புற்றுநோய், மனநோய் என்று பட்டியல் நீண்டது. ரிசல்ட்டை முடிவு செய்தது நின்ஹைட்ரின் தரும் ஊதா நிறம். நிறம் வந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வார்கள்.

நீங்க படிக்கிற மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டின் லியோனோர் மைக்கேலிஸ் 1914-ல் சோதித்துப் பார்த்துவிட்டு, இது வேலை செய்யலைன்னு சொன்னார். பெரிய புரொபசரை எதிர்த்தவருக்கு ஜெர்மனியில் வழி சுருங்கியது. 1922-ல் ஜப்பான் போனார், பிறகு அமெரிக்கா.

அப்டர்ஹால்டனோ ஹாலே நகரில் லியோபோல்டினா அறிவியல் கழகத்தின் தலைவரானார். நாஜி காலத்தில், அவர் தலைமையில், யூத உறுப்பினர்களின் பெயர்கள் அங்கே நீக்கப்பட்டன. போர்க்காலத்தில் இந்த என்சைம் முறையை நம்பி பெர்லினில் வெர்ஷுவர் என்ற மரபியலாளர் நடத்திய இன ஆராய்ச்சிக்கு, ஆஷ்விட்ஸ் முகாமில் அடைபட்டவர்களின் ரத்தம் எடுக்கப்பட்டது. இல்லாத என்சைமுக்காக!

1950-ல் சூரிச்சில் அவர் இறந்தார். தியரியும் மெல்ல மறைந்தது. பிஸ்டல் மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்கு. காரணம் ரொம்ப சிம்பிள். பிஸ்டலில் காய வைத்த சாம்பிளை எடை போடு, திரும்பக் காய வை, திரும்ப எடை போடு. எடை மாறலைன்னாதான் முடிஞ்சது. புரொபசர் போட்டாலும் முதல் வருஷப் பையன் போட்டாலும் தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும். ஊதா நிறத்துக்கு அப்படி ஒரு தராசு இல்லை.

நாளைக்கு லேபில் ரீடிங் ஒத்து வரலைன்னா ரெக்கார்டில் அட்ஜஸ்ட் பண்ணத் தோணும். பண்ணாதீங்க. இன்னொரு தடவை எடை போடுங்க.