சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 – ஆகஸ்ட் 31, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். எஸ். எஸ். பிள்ளை என்று பரவலாக அறியப்படும் இவர், எண் கோட்பாட்டில், குறிப்பாக வாரிங் புதிரில், கண்ட முடிவுகளுக்காகப் போற்றப்படுகிறார்.

வாழ்க்கை

குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் என்ற ஊரில் பிறந்தார். ஒரு வயதில் தாயையும், பள்ளியின் இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பெற்று, ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களுடன் ஆய்வு செய்தார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். இவருடைய தலைசிறந்த ஆய்வுகள் இக்காலத்தவையே. பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும், 1942 முதல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

வாரிங் புதிர்

எந்த இயல் எண்ணையும் 4 வர்க்கங்களின், 9 கனங்களின், 19 நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என 1770இல் எட்வர்ட் வாரிங் நிறுவலின்றிக் கூறினார். உயர் அடுக்குகளுக்கு எத்தனை தேவை என்பதே புதிர்.

ஆறாம் அடுக்குக்கு 703 என்ற எண்ணைக் காண்போம். 3இன் ஆறாம் அடுக்கு 729. அது 703ஐவிடப் பெரியது. ஆகவே 64, 1 ஆகிய இரண்டை மட்டுமே பயன்படுத்த இயலும். பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் சேர்ந்து மொத்தம் 73 ஆகின்றன. எனவே 73க்குக் குறைவாகப் போதாது. எவ்வளவு பெரிய எண்ணாயினும் 73 போதும் என்பதை நிறுவுவதே கடினம். அதனைப் பிள்ளை 1940இல் நிறுவினார். உயர் அடுக்குகளுக்கான பொது வாய்பாட்டை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, இவரும் அமெரிக்கரான டிக்சனும் 1930களில் தனித்தனியே கண்டனர். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பது 1964இலும், நான்காம் அடுக்குக்கு 19 என்பது 1986இலும்தான் நிறுவப்பட்டன. பின்னதைக் கண்ட மூவருள் ஒருவர் இரா. பாலசுப்பிரமணியன்.

பிற முடிவுகள்

1 முதல் 14 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலன் 87178291200. அதனுடன் 1 கூட்டினால் வரும் 87178291201 என்ற எண் 23ஆல் மீதியின்றி வகுபடும். ஆனால் 23ஐவிட ஒன்று குறைந்த 22, 14ஆல் வகுபடாது. இத்தகைய பண்புடைய பகா எண்கள் பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. 23 அவற்றுள் மிகச் சிறியது.

அடுத்தடுத்த 16 எண்கள் வரை எடுத்தால், மற்ற எவற்றுடனும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றுள் இருந்தே தீரும் என்றும் இவர் நிறுவினார். 17 எண்களுக்கு இது பொருந்தாது. 2184 முதல் 2200 வரையுள்ள எண்கள் இதற்குச் சான்று.

8உம் 9உம் போல அடுக்கு எண்கள் இரண்டுக்கு இடையே, குறிப்பிட்ட எந்த வேறுபாடும் முடிவுள்ள தடவைகளே தோன்றும் என்பது பிள்ளையின் ஊகம். வேறுபாடு 1 ஆகும் நிலையை மிகைலெஸ்கு 2002இல் தீர்த்தார். பொதுவான ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை.

மறைவு

பிரின்ஸ்டன் உயர்கல்வி ஆய்வு நிறுவனம் ஓராண்டு ஆய்வுக்கு இவரை அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பங்கேற்கவும் இருந்தார். மாநாடு தொடங்கிய மறுநாள், ஆகஸ்ட் 31, 1950 அன்று, இவர் சென்ற விமானம் எகிப்தில் கெய்ரோவுக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அப்போது இவருக்கு வயது 49. இவருடைய ஆய்வுகள் அனைத்தும் தொகுக்கப்பட்டு 2010இல் நூலாக வெளிவந்தன.